கொத்தனாரின் இடது பக்கம்

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. ஆனால் காலை பத்து மணிக்கு ஷட்டர் பாதி ஏறியிருக்கும். உள்ளே கண் பரிசோதனை நாற்காலியில் கண்ணாடிக்காரரின் மச்சான் சட்டமாக உட்கார்ந்திருப்பான். எதிரே முக்காலியில் கண்ணாடிக்காரர். நடுவில், லென்ஸ் பெட்டியின்மேல் சாய்த்து வைத்த கைபேசி. நிகழ்ச்சிக்கு 'நடந்ததும் நடக்கப்போவதும்' என்று பெயர். போன வாரக் குத்துச்சண்டைகளில் யார் சொதப்பினார்கள், வரும் வாரச் சண்டைகளில் யார் சொதப்பப் போகிறார்கள் என்று இருவரும் ஒரு மணி நேரம் வாய் ஓயாமல் பேசுவார்கள். இரண்டு பேருமே ஆயுளில் ஒரு தடவைகூடக் கையுறை மாட்டியதில்லை. மச்சான் பஸ் ஓட்டுகிறவன். அவன் போட்ட சண்டையெல்லாம் ஜன்னல் வழியாகத்தான். கண்ணாடிக்காரர் கொசு அடிப்பதற்கே யோசித்து யோசித்துக் கையைத் தூக்குகிறவர். ஆனால் கைபேசி ஓட ஆரம்பித்துவிட்டால் உலகச் சாம்பியனுக்கே பாடம் எடுப்பார்கள்.

அதையும் நாலாயிரம் பேர் பார்த்தார்கள். காரணம் இருந்தது. சண்டை பார்க்கிற எல்லோரும் கையைப் பார்ப்பார்கள்; கண்ணாடிக்காரர் சத்தத்தை அணைத்துவிட்டுக் கண்ணைப் பார்ப்பார். இருபத்திரண்டு வருடமாக, நாளைக்கு முப்பது ஜோடிக் கண்களைப் பார்க்கிற மனிதர். யாருக்குச் சரியான தூக்கமில்லை, யார் எதிராளியை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார், யாருக்கு மூன்றாவது ரவுண்டிலேயே வீட்டு நினைப்பு வந்துவிட்டது என்றெல்லாம் சொல்வார். பாதி பலிக்கும். பலிக்காத பாதியை மச்சான் சிரித்தே சமாளித்துவிடுவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, முதலில் போன வாரச் சண்டை ஒன்றைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். "பத்து ரவுண்டும் கட்டிப்பிடிச்சுக்கிட்டே நின்னாங்க அத்தான். இது சண்டையா, வழியனுப்பு விழாவான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு," என்றான் மச்சான். பிறகு வரப்போகும் சண்டைக்கு வந்தார்கள். இன்னும் பதிமூன்று நாளில், சனிக்கிழமை, கொத்தனாரும் சீப்பும் மோதுகிறார்கள்.

கொத்தனார் என்றால் நிஜமாகவே கொத்தனார். முப்பத்தொரு வயது. பகலில் கட்டட வேலை, சாயங்காலம் பயிற்சி என்று வளர்ந்தவர். அவசரமே படமாட்டார், ஒவ்வொரு ரவுண்டாக அடுக்கி, கடைசியில் பார்த்தால் எதிராளியைச் சுற்றி நாலு சுவரும் எழுப்பியிருப்பார். சீப்பு அவரைவிட ஆறு வயது சின்னவன். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் ஓரத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொள்வான், அதனால் ரசிகர்கள் வைத்த பெயர். இதில் ஜெயிக்கிறவருக்குப் பட்டத்துக்கான சண்டை கிடைக்கும்.

கொத்தனார் இரண்டு மாதத்துக்கு முன்பு ஜெயித்த சண்டையைக் கண்ணாடிக்காரர் மறுபடி போட்டார். ஆறாவது ரவுண்டில் நிறுத்தினார். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"மக்களே, இவரோட தாடையைப் பாருங்க. எங்க இருக்கு? இடது தோள் மேல. ஏன் முகத்தை இடது பக்கமாத் திருப்பி வச்சுக்கிட்டு நிக்கறார்? என் கடைக்கு வர்றவங்க சில பேர் இப்படித்தான் உக்காருவாங்க. இடது கண்ணோட ஓரம் மங்கிப் போனவங்க, வலது கண்ணை நடுவுல கொண்டுவர்றதுக்கு முகத்தைத் திருப்புவாங்க. இப்ப எண்ணுங்க. இடது பக்கமாச் சுத்தி வந்த குத்து நாலு. நாலும் விழுந்துச்சு. ஒண்ணைக்கூடத் தடுக்கல. தடுக்கத் தெரியாத ஆளா? நேரா வந்ததையெல்லாம் தடுத்தாரே! அவருக்கு இடது பக்கம் கண்ணு இல்ல மக்களே, சுவர் இருக்கு. சுவர்! சீப்பு மட்டும் வலது கையை வெளிய எடுத்துச் சுத்திப் போட்டான்னு வைங்க, கொத்தனாரைத் தூக்கிட்டுப் போக ஆளுக்குச் சொல்லி வச்சுக்கலாம்."

மச்சான் கைதட்டிச் சிரித்தான். கண்ணாடிக்காரரும் சிரித்தார்.

இங்கே அவருக்காகப் பரிந்து பேச எனக்கு மனம் வரவில்லை. வேறு யாராவது அப்படித் தலையைத் திருப்பிக்கொண்டு அவர் கடைக்கு வந்திருந்தால், கையைப் பிடித்து அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். அது விழித்திரை விலகுகிற அடையாளமாக இருக்கலாம், இன்னொரு நல்ல அடி விழுந்தால் கண் மொத்தமாகப் போய்விடும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்று அவர் கடைக்காரராகப் பேசவில்லை, ரசிகராகப் பேசினார். ரசிகருக்குத் திரையில் தெரிகிறவன் மனுஷனே இல்லை. ஒரு நல்ல குறி சொல்லிவிட்டோம் என்கிற பூரிப்பில் மத்தியானம் இரண்டு கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

சீப்பின் ரசிகர்கள் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து ஊரெல்லாம் பரப்பினார்கள். புதன்கிழமைக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்தாகிவிட்டது. கண்ணாடிக்காரர் மனைவியிடம் எண்ணிக்கையை மூன்று தடவை காட்டினார். "கண்ணு போன மனுஷனை வச்சுச் சிரிக்கறீங்களே, நல்லாவா இருக்கு?" என்றாள் அவள். "நீ சண்டை பார்க்கறதில்ல, உனக்குப் புரியாது," என்று சொல்லிவிட்டார். ஆனால் அந்த வார்த்தை மனசில் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை மதியம், கடையில் ஆளில்லாத நேரம், மச்சான் ஒரு வீடியோ அனுப்பினான். சீப்பு பயிற்சி எடுக்கிற கூடம். பயிற்சியாளர் ஒரு மணல் மூட்டையில், எதிராளியின் இடது கன்னம் வரும் இடத்தில் சிவப்பு நாடா ஒட்டியிருந்தார். சீப்பு வலது கையை வெளியே எடுத்து, சுற்றி, நாடாவின்மேல் அடித்தான். மறுபடி. மறுபடி. ஒவ்வொரு தடவையும் பயிற்சியாளர் ஒரே ஒரு வார்த்தையைக் கத்தினார்.

"சுவர்! சுவர்! சுவர்!"

அது கண்ணாடிக்காரருடைய வார்த்தை. முக்காலியில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே, வாய்க்கு வந்தபடி சொன்ன வார்த்தை. அதை அங்கே ஒருவன் நாளைக்கு நானூறு தடவை அடித்துப் பழகிக்கொண்டிருக்கிறான். மச்சான் கீழே எழுதியிருந்தான்: 'அத்தான், நீங்க இப்ப கோச்!' கண்ணாடிக்காரர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அன்று மாலை வந்த ஒரு அம்மாளுக்கு வலது கண் எண்ணை இடது கண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தெருமுனை வரை ஓடிப்போய்த் திருத்திவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் சிவப்பு நாடாதான். நாம் சொன்னது பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். ரசிகர்களிலேயே தன் கணிப்பு பொய்த்துப் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். அந்த வாரம் நிகழ்ச்சியே போடவில்லை. மச்சானிடம் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை மூன்று மணிக்குக் கடைக் கதவு திறந்தது. முதலில் ஒரு பெண் வந்தாள். பின்னால் தொப்பி போட்ட ஒரு ஆள், ஒருக்களித்து நுழைந்தார். தோள் அகலம் அப்படி. தொப்பியைக் கழற்றினார். கொத்தனார்.

இருபது வருடமாகச் சண்டைக்காரர்களைப் பற்றிப் பேசுகிறவர், ஒரு சண்டைக்காரரைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. திரையில் அந்தக் கைகள் இவ்வளவு பெரிசாகத் தெரியவில்லை. கொத்தனார் தொப்பியை மேசைமேல் வைக்கக் கையை நீட்டினார். கண்ணாடிக்காரர் ஓரடி பின்னால் போய், பிரேம் மாட்டியிருந்த பலகையில் முதுகை இடித்துக்கொண்டார். ஏழெட்டுப் பிரேம்கள் கீழே விழுந்தன.

"பயப்படாதீங்க சார். கண்ணு பார்க்கத்தான் வந்தோம்," என்றாள் அந்தப் பெண். கொத்தனாரின் மனைவி. கீழே விழுந்த பிரேம்களை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தாள். "உங்க வீடியோவைப் பார்த்ததுலேருந்து எனக்கு நெஞ்சு படபடன்னு இருக்கு. இவரைக் கேட்டா சிரிக்கறார். நீங்களே பார்த்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அதுக்கப்புறம்தான் நான் தூங்குவேன்."

அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, உள்ளறைக் கதவைச் சாத்தினார் கண்ணாடிக்காரர். கொத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டதும், எல்லா ஊர்க் கண்ணாடிக் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் இருக்கிற அதே எழுத்துகள் எதிர்ச் சுவரில் தெரிந்தன. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் கடைசி வரி வரைக்கும் தடங்கலில்லாமல் படித்தார் கொத்தனார்.

கண்ணாடிக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடி போடப் பிடிக்காத பள்ளிப் பிள்ளைகள், நல்ல கண்ணால் படிக்கும்போதே எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு மற்ற கண்ணுக்கும் அதையே ஒப்பிப்பார்கள். அதனால் அடுத்த கண்ணுக்குப் போகும்போது, சத்தமில்லாமல் பலகையைத் திருப்பிவிடுவார். பின்பக்கம் எழுத்துக்குப் பதில் எண்கள் இருக்கும். கொத்தனார் வலது கண்ணை மூடியதும், யோசிக்காமலேயே கை போய்ப் பலகையைத் திருப்பியது. அப்படியே ஒரு பென்சிலை எடுத்து, கொத்தனாரின் இடது காதுப் பக்கத்திலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தார்.

"படிங்க தம்பி."

கொத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்து, கம்பீரமாக, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார். அத்தனையும் எழுத்துகள். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. எதிரே இருந்த பலகையில் ஒரு எழுத்துகூட இல்லை. பென்சில் மூக்குக்கு நேராக வரும் வரைக்கும் அது வருவதே அவருக்குத் தெரியவில்லை.

சண்டைக்கு முந்திய பரிசோதனையிலும் இதே பலகைதானே வைத்திருப்பார்கள் என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. இதே மாதிரிதானே ஒப்பித்திருப்பார்.

"இப்ப பலகையில என்ன இருக்குன்னு தெரியுமா தம்பி?"

கொத்தனார் வலது கண்ணிலிருந்து கையை எடுத்தார். பார்த்தார். கொஞ்ச நேரம் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து கண்ணாடிக்காரரின் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கவெல்லாம் இல்லை. அந்தக் கைக்கு அது தேவையும் இல்லை.

"வெளிய இருக்கறவளுக்குத் தெரிய வேண்டாம் சார்."

"தம்பி, இது விளையாட்டு இல்ல. உள்ள விழித்திரை பிய்ஞ்சு வருது. இப்பவே போனா காப்பாத்தலாம். இன்னும் ஒரு அடி விழுந்தா..."

"தெரியும். ஓரத்துல கறுப்பா ஏறுது. நாலு மாசமா." சாதாரணமாகச் சொன்னார். "எட்டு வருஷம் சார் இந்த ஒரு சண்டைக்காக. இதை முடிச்சுட்டு நானே போய்க் காட்டிக்கறேன். நான் என் இடது பக்கத்தைப் பார்த்துக்குவேன். யாருக்கும் தெரியாம இருந்தா போதும். நீங்கதான் ஊருக்கே சொன்னீங்க. நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா அவன் அந்தக் கையைப் பழகியிருப்பானா? சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் பென்சிலை மேசைமேல் வைத்தார்.

"அப்ப நீங்களே மூடுங்க. நான் பார்த்தேன், கண்ணு நல்லா இருக்கு, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வீடியோ. அவங்க குழம்பிப் போயிடுவாங்க. அது போதும் எனக்கு."

பயத்தில் இருக்கிறவனுக்கு எந்த யோசனையும் நல்ல யோசனையாகத்தான் தெரியும். இவருக்கும் அப்படித்தான் தெரிந்தது. கதவைத் திறந்தபோது பெஞ்சிலிருந்து அவள் எழுந்து நின்றாள். "நல்லா இருக்கா சார்?"

"நல்லா இருக்கும்மா," என்றார் கண்ணாடிக்காரர். அவள் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அவர் பில் புத்தகத்தைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

அன்றைக்கே வீடியோ போட்டார். நேரில் பரிசோதித்ததாகவும், கண்ணில் ஒரு குறையும் இல்லையென்றும், கொத்தனார் தலையைத் திருப்பி நிற்பது பழக்க தோஷம்தான் என்றும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். ரசிகர்கள் அவரை உரித்து உப்புத் தடவினார்கள். 'முதல்ல உன் கண்ணை டெஸ்ட் பண்ணு' என்று ஆயிரம் பேராவது எழுதியிருப்பார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டால் பயம் குறையும் என்று நினைத்தார். குறையவில்லை.

புதன்கிழமை சீப்பின் அடுத்த பயிற்சி வீடியோ வந்தது. சிவப்பு நாடா அதே இடத்தில் இருந்தது. அவர்கள் குழம்பவே இல்லை.

கண்ணாடிக்காரர் அன்று மதியமே சண்டைக்குப் பொறுப்பான மருத்துவரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினார். தான் யார் என்று சொன்னதும் மருத்துவர் சிரித்தார்.

"அட, நீங்களா! உங்க முதல் வீடியோவைப் பார்த்துட்டு நான் பயந்தே போயிட்டேன். செவ்வாய்க்கிழமை கண்ணுல மருந்து விட்டு, உள்ள பார்த்துடலாம்னு எழுதியே வச்சிருந்தேன். அதுக்குள்ள நீங்களே பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டீங்க. ஏற்பாட்டாளர்கள் அதைக் கொண்டுவந்து காட்டினாங்க. ரத்து பண்ணிட்டேன்."

"இல்ல டாக்டர். ரெண்டாவதா சொன்னதுதான் பொய். அவருக்கு இடது பக்கம் தெரியல. எழுத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கார். நான் பலகையைத் திருப்பிப் பார்த்தேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "போன வாரம் கண்ணு இல்லன்னீங்க. திங்கட்கிழமை இருக்குன்னீங்க. இன்னைக்கு மறுபடியும் இல்லங்கறீங்க. நான் எதை நம்பறது? உங்களுக்கு வீடியோ ஓடணும், அதுக்கு நான் ஒரு ஆளோட பிழைப்புல கை வைக்கணுமா? வெள்ளிக்கிழமை எடை பார்க்கறப்போ நான் அங்க இருப்பேன். ரத்த அழுத்தம், இதயத்துடிப்பு, அவ்வளவுதான் பார்க்கப்போறேன். என் கண்ணால பார்க்கற மாதிரி ஏதாவது இருந்தா அங்க வந்து காட்டுங்க." வைத்துவிட்டார்.

அப்படியானால் இருந்த ஒரே வழியையும் அடைத்தது நாம்தான் என்று புரிந்தபோது, கண்ணாடிக்காரர் பரிசோதனை நாற்காலியில் போய் உட்கார்ந்து, பெரிய மனிதர் என்று பாராமல் அழுதார். முதலில் வாய்க்கொழுப்பில் அந்த ஆளைக் காட்டிக்கொடுத்தார். பிறகு பயத்தில் அந்த ஆளைக் காப்பாற்ற வந்தவரையும் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவதாக ஒரு வீடியோ போட்டால் நாய்கூட நம்பாது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, வணிக வளாகத்தின் தரைத் தளத்தில் எடை பார்க்கும் நிகழ்ச்சி. மேடை, தராசு, பின்னால் பெரிய பதாகை. முந்நூறு நானூறு பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். மாடிப்படி ஓரமெல்லாம் கடைப் பையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். மச்சான் வண்டிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். "என்ன அத்தான், முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றான். கண்ணாடிக்காரர் மேடையில் மருத்துவர் எங்கே என்று தேடினார்.

இருவரும் எடைக்குள் இருந்தார்கள். சீப்பு மேடையிலேயே தலை வாரிக்காட்டினான், கூட்டம் ஆர்ப்பரித்தது. பிறகு இருவரும் முகத்துக்கு முகம் நின்றார்கள். கொத்தனாரின் தாடை இடது தோள்மேல் இருந்தது. சீப்பு அதைப் பார்த்தான், கீழே நின்ற தன் பயிற்சியாளரைப் பார்த்தான். கண்ணைப் பார்த்துக் குறி சொல்கிறவர் அல்லவா, அந்தப் பார்வை கண்ணாடிக்காரருக்கு நன்றாகப் புரிந்தது.

மருத்துவர் மேடை ஓரத்தில் ஒரு மேசையில் உட்கார்ந்து இருவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து எழுதிவிட்டார். பையை மூட ஆரம்பித்தார். அதற்குள் ரசிகர்கள் கொத்தனாரோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை கட்டினார்கள். ஒவ்வொருவராக மேடையேறி, முஷ்டியை உயர்த்திப் பக்கத்தில் நிற்க, கொத்தனாரின் மனைவியே அவர்களுடைய கைபேசியை வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடிக்காரர் வரிசையில் நின்றார். முன்னால் பதினாலு பேர். பதினாலு தடவை திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தார்.

"வாங்க சார்!" கொத்தனார் தோளில் கை போட்டார். "எங்க வீட்டு அம்மா நாலு நாளா நிம்மதியாத் தூங்கறா, உங்களாலதான்."

அவள் சிரித்துக்கொண்டே அவருடைய கைபேசியை வாங்கினாள். கண்ணாடிக்காரர் கொத்தனாரின் இடது பக்கமாகப் போய் நின்றார். தான் நினைத்தது தவறாக இருந்தால், பழக்கப்பட்ட அந்தக் கை யோசிக்காமல் வரும், தாடை இரண்டாகும். தவறாகவே இருக்கட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினார்.

கொத்தனார் நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். கண்ணாடிக்காரர் வலது முஷ்டியை மடக்கி, கொத்தனாரின் காதுக்குப் பின்னாலிருந்து மெல்லச் சுற்றிக் கொண்டுவந்து, இடது நெற்றிப்பொட்டுக்கு நேராக, நாலு விரற்கடைத் தூரத்தில் நிறுத்தினார். கண் தெரிகிற எவனும் அதற்குள் திரும்பியிருப்பான். கொத்தனார் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு," என்றார் கண்ணாடிக்காரர் சத்தமாக.

விழுந்தவனுக்கு நடுவர் எண்ணுகிற எண்ணிக்கை அது. ரசிகர் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார் என்று கூட்டம் சிரித்தது. கொத்தனாரும் அது ஏதோ தமாஷ் என்று இன்னும் அகலமாகச் சிரித்தார். "ரெண்டு! மூணு!" கூட்டமும் சேர்ந்து எண்ணியது. மச்சான்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினான். கொத்தனாரின் தலைமுடி விரலில் படுகிற அளவுக்குக் கண்ணாடிக்காரர் முஷ்டியை இன்னும் கிட்டக் கொண்டுபோனார். திரும்பு, தம்பி. என்னை அடி. ஒரே ஒரு அடி அடித்துவிடு.

"நாலு. அஞ்சு."

ஐந்தில் முன்வரிசையில் சிலர் எண்ணுவதை நிறுத்தினார்கள். ஆறில் மச்சானின் குரல் கேட்கவில்லை. கீழே நின்ற சீப்பு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். மருத்துவர் பாதி மூடிய பையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றார். கொத்தனாரின் மனைவி கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் புருஷனின் சிரித்த முகமும், அதை ஒட்டி ஒரு முஷ்டியும் இருந்தன. அவள் மெல்ல மெல்லக் கைபேசியைக் கீழே இறக்கினாள்.

"ஏழு. எட்டு. ஒம்பது." இப்போது எண்ணுவது அவர் ஒருவர்தான். "பத்து."

இவ்வளவு பெரிய கூட்டம் ஏன் சத்தமில்லாமல் நிற்கிறது என்று கொத்தனாருக்கு விளங்கவில்லை. சிரிப்பு பாதியில் நிற்க, மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்த்து, அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார். முஷ்டி அவர் மூக்கு நுனியில் இடித்தது. கை உயரவில்லை. இத்தனை வருடச் சண்டையில் ஒரு எதிராளியும் அந்த முகத்தில் பார்க்காத பயத்தைக் கண்ணாடிக்காரர் ஒரு சாண் தூரத்தில் பார்த்தார்.

மருத்துவர் மேடையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். கொத்தனார் அவரைப் பார்க்கவில்லை. முஷ்டியையே பார்த்துக்கொண்டு, கண்ணாடிக்காரருக்கு மட்டும் கேட்கும்படி, சின்னக் குரலில் கேட்டார்.

"எவ்வளவு நேரமா சார் இது இங்க இருக்கு?"